ஃபேனுக்குக் கீழே ஏழாம் கட்டில்

1

என்னோடு நர்சிங் படித்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். "வசந்தி, நீ வெளிநாட்டு அனுபவம் எழுது" என்று மூன்று மாதமாக நச்சரிப்பு. பனி எப்படிப் பெய்யும், ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்குச் செல்வராணியைத் தெரியும். அவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு என்னைத் திட்டட்டும். பாதியில் திட்ட வேண்டாம்.

நான் இங்கிலாந்தில் இருபத்து மூன்று வருஷமாக நர்ஸ். என் மகள் நித்யாவும் நர்ஸ்தான். இந்த வருஷம் படிப்பை முடித்து, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். லீவு கிடைத்தால் வருவாள். வந்தால் தூங்குவாள். நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். அந்தச் சொல்லும் பெரும்பாலும் "ஃபைன்".

அந்த ஞாயிறு மத்தியானம் சாம்பார் வைத்துவிட்டு அவளைச் சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிற மாதிரி தமிழ் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல சித்தி, செத்த இருங்க, நான் சொல்லி முடிச்சிடுறேன். அவரு எந்திரிச்சாரு, அப்படியே சரிஞ்சிட்டாரு."

பேசியது என் மகள்! 'செத்த இருங்க' என்ற சொல் என் வாயிலிருந்தே போய்ப் பல வருஷம் ஆகிறது. அவள் அழுதுகொண்டே பேசினாள். அப்புறம் எதிர்ப்பக்கம் ஏதோ சொல்ல, அழுகைக்கு நடுவே சிரித்தாள். எதிர்ப்பக்கம் இருந்த குரலைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மண்டபத்தூர் செல்வராணி. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

வயிறு எரிந்தது என்று எழுதினால் அழகாக இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் எரிந்தது. சாம்பார் ஆறிப்போனது கூட எனக்குத் தெரியவில்லை.

2

இதில் கொடுமை என்னவென்றால், புதிதாக வரும் நர்ஸுகளைத் தாங்கிப் பிடிப்பதுதான் இங்கே என் வேலை. படிப்பு முடித்து வார்டுக்குள் நுழைகிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு அனுபவசாலியைத் துணையாகப் போடுவார்கள். அதற்கு பிரிசெப்டர் என்று பெயர். நான் துணையாள் என்று சொல்லிக்கொள்வேன். பத்து வருஷமாக நான்தான் எங்கள் வார்டின் துணையாள். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் எனக்கு வந்திருப்பவள் ஹன்னா. முதல் சில வாரம் அவள் ஆள் கணக்கிலேயே கிடையாது. வார்டில் ஐந்து பேர் தேவை என்றால் ஐந்து பேர் போக ஆறாவதாக அவள். பார்க்கலாம், கேட்கலாம், தொட்டுப் பழகலாம். அவளுக்கு ஒரு தடிப் புத்தகம். மருந்து கொடுக்கத் தெரியுமா, ஒரு கட்டம். கோபப்படும் உறவினரிடம் பேசத் தெரியுமா, ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் என் கையெழுத்து, அவள் கையெழுத்து, தேதி. மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் ஓர் அறையில் உட்கார வேண்டும். "இந்த மாதம் உங்களுக்கு எப்படி இருந்தது? இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்? அடுத்த முறை எதை மாற்றிச் செய்வீர்கள்?" என்று நான் கேட்க வேண்டும், அவள் சொல்வதை எழுத வேண்டும்.

ஹன்னாவின் கையில் முதல் மரணம் நடந்த அன்று அவளை ஒரு மணி நேரம் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது உள்ளே ஒரு பொசுக்கல். என் கையில் முதல் மரணம் நடந்தபோது, "துணிய மாத்திட்டு நாலாம் நம்பரப் போயிப் பாரு" என்றுதான் சொன்னார்கள். அதை நினைத்துக்கொண்டே ஹன்னாவின் டீயில் சர்க்கரை போட்டேன். அவள் போடுவதில்லை. அன்று குடித்துவிட்டாள், பாவம்.

எனக்கு இங்கே வந்த புதிதில் துணையாள் கிடையாது. இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய நர்சிங் கவுன்சிலுக்கு அனுப்பிய காகிதம் மூன்று முறை திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரிப் பெயர், மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி. நான் நான்தான் என்று நானே சத்தியம் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. அது முடிகிற வரைக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு கிழவரிடம் வேலை முடிந்து கிளம்பும்போது, நம் ஊர்ப் பழக்கத்தில், "வர்றேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் நான் திரும்பி வருவேன் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் எனக்கு ஏச்சு. "போறேன்" என்று சொல்லிப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இதையெல்லாம் நித்யாவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அங்கேதான் கோட்டை விட்டேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவள் போன் செய்தாள். ஒரு நோயாளி குடித்த தண்ணீரின் அளவை எழுத மறந்துவிட்டாள், வார்டு சிஸ்டர் முகத்தைச் சுளித்தாராம். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அழாதடி கண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "சரி, இதிலேருந்து என்ன கத்துக்கிட்ட?"

அது போதாதென்று, "நாங்கல்லாம் முப்பத்திரண்டு கட்டில ரெண்டு பேரு பாத்தோம், தெரியுமா?" என்று ஒரு பாட்டும் பாடினேன்.

"ஓகே அம்மா" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எல்லாம் ஃபைன்.

3

செல்வராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் காரைக்காலை ஒட்டிய நெரவிப் பக்கம், வயல் வீடு. அவள் மண்டபத்தூர், கடல் வீடு. அவள் அப்பா படகில் போகிறவர். எனக்கு மூன்று மாதம் இளையவள், அதனால் நித்யாவுக்குச் சித்தி. படிப்பு முடித்ததும் இரண்டு பேரும் காரைக்காலில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை.

நான் விமானம் ஏறினேன். அவள் ஏறவில்லை. இப்போது தலத்தெருவில் வீடு கட்டிக்கொண்டு, வேறோர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருக்கிறாள். நான் வெளிநாடு போன சேதி கேட்டு ஊரில் எல்லாரும் "ஃபிரான்ஸா?" என்றுதான் கேட்டார்கள். சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகள், இருக்கிற ஊரில் வெளிநாடு என்றால் அது ஒன்றுதான். இங்கிலாந்து என்றதும் ஒரு படி இறக்கிவிடுவார்கள். அப்போதும் செல்வராணிதான் எனக்காகச் சண்டைக்குப் போவாளாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன் நித்யா மாணவியாக இருந்தபோது ஊருக்கு வந்திருந்தோம். "வார்டு எப்படி இருக்குன்னு வந்து பாக்கட்டும், என்கிட்ட விடு" என்று செல்வராணி கேட்டாள். மூன்று வாரம் அவள் வீட்டிலேயே தங்கினாள் என் மகள். ஒருநாள் மத்தியானம் அவளைக் கூப்பிட நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸுகள் சாப்பிடுகிற அறையில் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். செல்வராணி, அந்த வருஷம் புதிதாக வந்த நாலு பெண்கள், நித்யா. நடுவில் டிபன் மூடிகளில் குழம்பும் வறுத்த மீனும்.

அங்கே அவளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகள் அன்றைக்குத் தாங்கள் செய்த தப்பைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் அவள் தன்னுடைய தப்பு ஒன்றைச் சொல்வாள். பெரியவள் சொல்லாமல் சின்னவளைக் கேட்கக் கூடாது. அப்புறம், சோறு முடிகிற வரைக்கும் யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. "அய்யய்யோ" என்றுகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவளின் பங்கு மீன் போய்விடும். கட்டமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

நான் வாசலுக்கு வந்தபோது செல்வராணி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அது ஏழாம் நம்பர் கட்டிலு, நேரா ஃபேனுக்குக் கீழ" என்று என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். "வாடி வாடி, வெளிநாட்டுக்காரி வந்துட்டா. மீனு இருக்கு, உக்காரு" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று மனத்தில் ஏறியது. அந்த நாலு பெண்களும் அவளைப் பார்த்த பார்வை. என்னிடம் வருகிற பிள்ளைகள் ஆறு மாதம் முடிந்ததும் ஒரு வாழ்த்து அட்டையும் சாக்லேட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் வராந்தாவில் பார்த்தால் தலையசைப்பு. இவளுக்கு மட்டும் எப்படி? என்னிடம் சான்றிதழ் இருக்கிறது, அவளிடம் டிபன் மூடிதான் இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

4

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். நித்யா சாப்பிட்டுவிட்டு மறுபடி மேலே போனதும் நான் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்ச் செல்வராணிக்குப் போன் போட்டேன்.

"என்னாடி, மகளும் பேசியாச்சி, ஆத்தாளும் பேசுறா. இன்னிக்கு என் வீட்டுல என்னா விசேஷம்?" என்றாள்.

"அவ ஒன்கிட்ட என்னா சொன்னா?"

"அத அவகிட்ட கேளு."

"என்கிட்ட சொல்லமாட்டேங்குறா. எத்தன நாளா நடக்குது இது?"

"வேலையில சேந்ததுலேருந்து. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கூப்புடுவா. ஏன், கூப்புடக் கூடாதா?"

ரெண்டு நாளைக்கு ஒருக்கா! எனக்கு வாரத்துக்கு ஒரு 'ஃபைன்'. என்னால் அடக்க முடியவில்லை. "நான் பெத்த புள்ளடி அவ. இங்க நான் இதே வேலையத்தான் பாக்குறேன். ஊரான் புள்ளைக்கெல்லாம் நான் துணையாளு, என் புள்ளைக்கு நீயா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். நான் ரோஜாச் செடியைத் திட்டுவதாக நினைத்திருப்பார்.

செல்வராணி கேட்டாள். "பொறாமையாடி?"

"ஆமாண்டி. பொறாமைதான். என்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "வசந்தி, அந்தப் புள்ள ஒரு பெரிய முடிவெடுத்து வச்சிருக்கு. எனக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன். நாளைக்குப் போறதுக்கு முன்னாடி நீ பேசு. ஆனா கேள்வி கேக்காத. மொதல்ல உன்னோடத சொல்லு."

"என்னோடது என்னா இருக்கு சொல்ல?"

"சரிடி, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

5

சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷமாக எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனி மாதம், கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்தின்போது கூட்டத்துக்கு மாங்கனி இறைக்கிற சமயம். ஊரே தெருவில் நின்றது. வார்டில் மூத்த நர்ஸுகள் பாதிப் பேர் லீவு. சேர்ந்து ஆறே வாரம் ஆன நானும் செல்வராணியும்தான் பெண்கள் வார்டில். ஒன்று முதல் பதினாறு வரை எனக்கு, மீதி அவளுக்கு. யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால், "படிச்சிட்டுத்தான வந்த?" என்பார்கள். அதனால் கேட்பதில்லை. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமும் இல்லை. மூணாம் நம்பரம்மா, ஏழாம் நம்பரம்மா, அவ்வளவுதான்.

நம் வார்டுகள் உங்களுக்குத் தெரியும். என் பக்கம் கட்டில் பதினாறு, ஃபேன் நாலு. ஏழாம் கட்டில் நேராக ஃபேனுக்குக் கீழே. அதில் சர்க்கரை வியாதிக்காரம்மா ஒருத்தர். சுவரோரம் பன்னிரண்டில் காய்ச்சல்காரம்மா, ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, புழுக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் சர்க்கரைக்காரம்மா இரக்கப்பட்டு, "நீ செத்த காத்து வாங்கு தாயி" என்று கட்டிலை மாற்றிக்கொண்டார். தலையணை, பிளாஸ்க், செருப்பு எல்லாம் இடம் மாறின. நம் ஊரில் இது தினம் நடப்பதுதான். எங்களிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

நான் மருந்துத் தட்டோடு வந்தேன். சீட்டில் 'ஏழு, இன்சுலின்' என்று இருந்தது. "ஏழாம் நம்பர்தானம்மா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்று கையை நீட்டினார். பொய்யில்லையே, அவர் படுத்திருந்தது ஏழில்தான். போட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் அவர் மகள் ஓடி வந்தாள். "அம்மா என்னென்னமோ பேசுறாங்க." காய்ச்சல் ஏறிவிட்டது என்று நினைத்து நான் ஈரத்துணி எடுக்கப் போனேன். செல்வராணிதான் அவர் நெற்றியைத் தொட்டாள். "என்னாடி இது, காய்ச்சக்காரிக்கு உடம்பு சில்லுனு இருக்கு?" என்றாள். என் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "உங்க பேரு என்னாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

அவர் பெயரைச் சொல்லத் தடுமாறினார். மகள் சொன்னாள். சாப்பிடாத உடம்பில் இன்சுலின் சர்க்கரையை அடியோடு இறக்கியிருந்தது. செல்வராணி ஓடிப்போய்க் குளுக்கோஸ் ஊசியை எடுத்து வந்து நரம்பில் ஏற்றினாள். டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண் திறந்து, "பசிக்குது" என்று சொன்ன பிறகுதான் கம்பியை விட்டேன்.

சிஸ்டர் வந்து, "யாருடி போட்டது?" என்று கேட்டார். சார்ட்டில் இன்னும் கையெழுத்து விழவில்லை. என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நான் இன்னும் வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில், "நான்தான் சிஸ்டர், அவளுக்கு ஒத்தாசைக்கு வந்தேன்" என்று கேட்டது. செல்வராணி கையெழுத்தும் போட்டாள்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்று நினைத்தேன். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், மூன்று மாதம் மருந்துத் தட்டைத் தொடவிடவில்லை. ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தோம். ஆஸ்பத்திரி கொடுத்த நன்னடத்தைக் கடிதத்தில் அவளுக்கு அந்த மெமோ ஒரு வரியாக வந்தது. ஏஜென்ட் அவள் ஃபைலை ஓரம் வைத்துவிட்டான். என்னுடையது சுத்தமாக இருந்தது.

இவளைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இதையும் எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்.

6

திங்கட்கிழமை நித்யாவுக்கு மத்தியான ஷிப்டு. காலை ரயிலுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். ரயில் வர இருபது நிமிஷம் இருந்தது. மழை, அதனால் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். கேள்வி கேட்காதே என்று செல்வராணி சொன்னதால் நான் வாயை இறுக மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். அது அவளுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும்.

"அம்மா, நான் வேலையை விடப்போறேன். கடிதம் எழுதிட்டேன். நாளைக்குக் கொடுக்கணும்" என்றாள், ஆங்கிலத்தில்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஒரு பெரியவருக்குக் காலையில் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறாள். குறைவாக இருந்தது. அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரையையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டாள். அவர் எழுந்தபோது சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. இவளே அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அவளுடைய துணையாள் அவளை உட்கார வைத்து, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டாராம்.

"உங்க குரல் மாதிரியே இருந்தது" என்றாள்.

நான் மழையைப் பார்த்தேன்.

"சித்திகிட்ட மட்டும்தான் சொன்னேன். அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துல நீங்க வந்ததும் பாதியில நிறுத்தின கதையை சித்தி முழுசா சொன்னாங்க. அவங்க புதுசா இருந்தப்ப ஆளு மாத்தி இன்சுலின் போட்டுட்டாங்களாம், ஒரு அம்மா சாகப் பார்த்தாங்களாம். கட்டில் மாறிப் படுத்துட்டாங்க, ஃபேனுக்காக. சித்தி ஓடி ஒளியலை அம்மா. சிஸ்டர்கிட்ட நானேதான்னு சொல்லியிருக்காங்க. எவ்வளவு தைரியம்! அவங்க அப்படி ஒரு தப்பு பண்ணிட்டும் இன்னைக்கு அப்படி நிக்கிறாங்க. அதைக் கேட்டுத்தான் இன்னும் அந்தக் கடிதத்தைக் கொடுக்காம வச்சிருக்கேன். எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

அவள் கண்ணில் அந்த நாலு பெண்களின் பார்வை இருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். அது என் தப்பு! என் தப்பை எடுத்து வைத்துக்கொண்டு என் மகளின் மனத்தைப் பிடித்துவிட்டாளே என்று தோன்றியது. தப்பைக்கூட விட்டுக் கொடுக்க முடியாத ஜென்மம் நான். ஒருவேளை அந்தப் பொறாமை இல்லாவிட்டால் என் வாய் அன்றைக்கும் திறந்திருக்காது.

"அது சித்தி இல்ல" என்றேன். "நான்."

அவளுக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு ஃபேனிலிருந்து ஆரம்பித்து, "ஆமாங்க" என்று நீட்டிய கை, சில்லென்ற நெற்றி, ஒட்டிக்கொண்ட நாக்கு, மெமோ, கடிதத்தில் அந்த ஒரு வரி, நான் ஏறிய விமானம் வரைக்கும். நடுவில் அழுதேன். ரயில் வந்தது, போனது. அவள் கதவில் கை வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கூடத்தில் சான்றிதழ் மாட்டியிருக்கிற அம்மாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

"அந்தம்மா அப்புறம் என்னா ஆனாங்க?" என்று கேட்டாள். இப்போது தமிழில். செல்வராணியின் 'என்னா'.

"நாலாம் நாள் வீட்டுக்குப் போனாங்க. போறப்போ எனக்கு ஒரு மாம்பழம் குடுத்தாங்க, இறைச்ச மாம்பழம். நல்லா பாத்துக்கிட்ட தாயின்னு சொன்னாங்க."

"நீங்க சாப்புட்டீங்களா?"

"எறங்கல. சித்திகிட்ட குடுத்தேன். அவ மொளகாத்தூளு போட்டுத் தின்னுட்டா."

நித்யா சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "நீங்க சொல்லலதான். ஆனா மறுநாள் வேலைக்குப் போனீங்கள்ல?"

"போனேன். ஒவ்வொரு கட்டிலா நின்னு எல்லாருக்கும் பேரு கேட்டேன். பைத்தியம் புடிச்சிடுச்சின்னு நெனச்சாங்க."

"அப்ப நானும் இருக்கலாம்லம்மா?"

எனக்கு வாயில் வந்தது அந்தப் புத்தகத்தின் கேள்விகள்தான், நம்புங்கள். விழுங்கிக்கொண்டேன். "இருடி கண்ணு" என்றேன். அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. ஸ்டேஷன் கடையில் ரெண்டு ரொட்டி வாங்கிக் காரில் வைத்தே சாப்பிட்டோம். முடிகிற வரைக்கும் நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை. அவள் அந்த ரயிலில் ஏறி வேலைக்குப் போனாள். கடிதத்தை இன்னும் கிழிக்கவில்லை, பெட்டியில் இருக்கிறது என்கிறாள். இருக்கட்டும்.

7

ரயில் போனதும் காரிலிருந்தே செல்வராணிக்குச் செய்தி அனுப்பினேன். "சொல்லிட்டேன். எல்லாத்தையும். மலருக்கும் எழுதப் போறேன்." அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. ரெண்டு நாள் பதில் இல்லை. அந்த ரெண்டு நாளில் வார்டில் ஹன்னாவை உட்கார வைத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஏழாம் கட்டில் கதையை என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் தன் கதை ஒன்றைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள், நித்யா வீட்டுக்கு வந்திருந்தபோது, செல்வராணி தன் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"எழுது, எழுது. ஆனா ஒண்ணுடி வசந்தி. இருபத்தஞ்சு வருசமா அத நான் வச்சிருந்தேன். எத்தன புள்ளைங்கள அத வச்சித் தேத்தியிருக்கேன் தெரியுமா? இப்ப பொசுக்குனு வாங்கிக்கிட்ட. இனிமே நான் சாப்பாட்டு நேரத்துல எதச் சொல்றது? சரி, போ. எனக்குன்னு ஒரு தப்பு இல்லாமலா போயிடும்? அன்னிக்கு சிஸ்டர்கிட்ட நான்தான்னு சொன்னேன் பாரு, இனிமே அதத்தான் சொல்லணும்."

அதற்குப் பிறகு ஒரு சத்தம். சிரிப்பு மாதிரியும் இருந்தது, மூச்சை இழுத்து விட்ட மாதிரியும் இருந்தது. அதோடு பதிவு முடிந்துவிட்டது. நாலு தடவை போட்டுக் கேட்டேன். காதோடு வைத்துக் கேட்டேன். எனக்குத் தெரியவில்லை. நித்யாவிடம் கொடுத்தேன்.

அவள் ஒரே தடவை கேட்டாள். "சிரிக்கிறாங்கம்மா" என்றாள். "சித்தி சிரிச்சா இப்படித்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

அவளுடைய சிரிப்பு என்னைவிட என் மகளுக்கு நன்றாகத் தெரிகிறது.